வேலூர்க்காரர்கள் விதைத்த தக்காளி

ஒரு லாரி நிறைய அப்பளத்தை மேட்டிலிருந்து சரித்துவிட்டால் எப்படிக் கேட்கும்? முதலில் ஒரு மெல்லிய நொறுங்கல், பிறகு பெரிய சலசலப்பு, கடைசியில் தூசி அடங்கும்போது ஒரு பெருமூச்சு. எழுபதுகளின் கடைசியில் அந்த ஓசையை நான் வாரந்தோறும் கேட்டேன். லாரியில் இருந்தது அப்பளம் இல்லை. வேலூரில் ஒரு பெரிய வளாகத்தின் சாக்கடை நீரைச் சுத்தம் செய்தபோது அடியில் தங்கிய கசடு. மூடிய தொட்டியில் புளித்து, மணல் படுகையில் மாதக்கணக்கில் வெயில் தின்று, வெடித்து, தட்டுத்தட்டாகப் பெயர்ந்து வந்த கசடு.

அடுத்தவர் கழித்ததைக் கொண்டுவந்து பாறைமேல் பரப்பிப் புல் முளைக்க வைப்பதுதான் எங்கள் தொழில். இதைச் சொல்லும்போதே எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். 'எங்கே வேலை?' என்று கேட்டால் பேச்சை மழைக்கோ மாமியாருக்கோ திருப்பிவிடும் உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால் நீங்களும் நம் கூட்டம்தான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

அடி அண்ணாமலையைத் தாண்டி, மலை சுற்றும் பாதையை விட்டு விலகி, ஒரு கல்குவாரி கைவிடப்பட்டுக் கிடந்தது. கல்லை வெட்டி எடுத்துப் போனவர்கள் சல்லியையும் தூளையும் மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். மண் என்ற ஒன்றே அங்கே இல்லை. மழை பெய்தால் தகரத்தில் விழுவதுபோலக் கேட்கும். அந்த இடத்தில் ஏதாவது முளைக்குமா என்று பார்க்க ஒரு சோதனைத் திட்டம். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை அதற்கு அனுப்பினார்கள். "நீங்கதான் செடி கொடின்னு கவிதையாப் பேசுவீங்களே" என்று எங்கள் துறைத்தலைவர் சொன்னது பாராட்டா தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எருன்னு சொல்லுங்க

மேஸ்திரி வேலைக்கு ஆள் வேண்டும் என்று பக்கத்து ஊரில் சொல்லி வைத்திருந்தேன். ஏழுமலை வந்தார். வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை. பயிர் வைக்கும் குடும்பம். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய அம்மா முனியம்மா, 'இனிமேல் மலைமேல தீபம் பார்த்தா மருமகளோடதான் பார்ப்பேன்' என்று சபதம் செய்து, வருஷா வருஷம் தீபத்தன்று மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வதாக ஏழுமலை சொன்னார். செடி வைக்கும் வேலை, மாதச் சம்பளம் என்றால் பெண் கிடைக்கும் என்பதுதான் அவர் வந்ததற்கே காரணம்.

அவர் நின்றிருக்கும்போதே முதல் லாரி வந்து அப்பளத்தைச் சரித்தது. என்னவென்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். கிருமி செத்துப்போயிருக்கும், நாற்றம் கிடையாது, செடிக்கு இதைவிட நல்ல உணவு இல்லை என்று வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன். அவர் நம்புவதற்காக ஒரு கட்டியை எடுத்து உடைத்து என் மூக்கின் அருகே பிடித்துக் காட்டினேன். நாள்பட்ட காகிதத்தின் வாசனை, பழைய புத்தகசாலை மாதிரி. ஏழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டு, அப்புறம் துணிந்து இழுத்துப் பார்த்தார்.

"வாசனை ஒண்ணும் இல்லீங்க டீச்சரம்மா. வேலைக்கு வந்துடறேன். எங்க அம்மாகிட்ட மட்டும் எருன்னு சொல்லுங்க."

பறக்க லைசென்ஸ் இல்லை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். வேலூர் லாரி வேங்கிக்கால் பக்கமிருந்து வரும். குவாரிக்குக் குறுக்குவழி வடக்குப் பக்கச் சாலை. அப்படி வந்தால் அது மலையை இடமாகச் சுற்றுகிறது. வலமாகவே போகலாம் என்றால், ஊருக்குள் நுழைந்து, ராஜகோபுரத்தின் முன்னால் இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் வர வேண்டும். இரண்டில் எது பெரிய பாவம் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

ஒரு பௌர்ணமிக் காலையில் அடி அண்ணாமலையில் லாரியை மறித்துவிட்டார்கள். பாதிப் பேர் "இந்த வழியா வரக்கூடாது" என்றார்கள், மீதிப் பேர் "அந்த வழியாவும் போகக்கூடாது" என்றார்கள். டிரைவர் காதர் பாய் என்ஜினை அணைத்துவிட்டு, "நான் ரெண்டு வழியிலும் ஓட்டுவேன். பறக்கறதுக்கு மட்டும் லைசென்ஸ் எடுக்கல" என்று பீடி பற்றவைத்தார். ஏழுமலை லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பெண் வைத்திருக்கும் வீடுகள் அந்தத் தெருவில் நிறைய.

அப்போது எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கோவிந்தசாமி, குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தார். சுற்றி வரும் ஜனங்களுக்குச் சோறு போடுபவர். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வழக்கு முடிந்தது என்கிற குரலில் சொன்னார்.

"லாரியை வுடுங்கப்பா. மலையைச் சுத்தி வர்றவன் ஒவ்வொருத்தனும் வயித்துல இன்னாத்தை எடுத்துக்கினு வர்றான்னு சாமிக்குத் தெரியாதா?"

சோப்பு ஜாஸ்தி

செங்கம் பக்கமிருந்து ஏழுமலையைப் பார்க்க ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. முந்தின நாளே லீவு கேட்டார். 'ஏன் ஒரு நாள் முன்னாடி?' என்றேன். குளிப்பதற்காம். முனியம்மாவுக்கு அதற்குள் எருவின் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. மகனைக் கிணற்றடியில் உட்காரவைத்து, மஞ்சள், சீயக்காய், சிவப்பு சோப்பு என்று தேய்த்திருக்கிறார். காலையில் மறுபடியும். வந்தவர்கள் வாசலில் செருப்பு விடும்போது சட்டையில் அத்தர் வேறு. அது காதர் பாயின் அன்பளிப்பு.

காபி குடித்தார்கள், நிலம் கேட்டார்கள், ஜாதகம் பார்த்தார்கள். பையன் சிரித்தான், அவர்களும் சிரித்தார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை வெற்றிலைத் தட்டோடு குனிந்தபோது பெண்ணின் அத்தை மட்டும் மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். திரும்பிப் போகும் வழியில் டீக்கடையில் நின்று விசாரித்தும்விட்டாள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவலே இல்லை. டீக்கடைக்காரர், அந்த அத்தை சொன்னதை எனக்கு அப்படியே சொன்னார்.

"பையன்மேல குத்தம் ஒண்ணும் இல்ல. சோப்பு வாசனைதான் ஜாஸ்தியா இருந்துது. அப்பவே எதையோ மறைக்கிறாங்கன்னு பட்டுது."

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது

கோவிந்தசாமிக்கு சாரதா என்று ஒரு பெண். கடையில் பரிமாறுவாள். பத்தாவது முடித்தவள், சிரிக்காமல் சிரிப்பு மூட்டுபவள். லாரி போகும்போதெல்லாம் அவள் வாசலுக்கு வருவதையும், ஏழுமலை அந்த இடத்தில் மட்டும் தலையை வாரிக்கொள்வதையும் காதர் பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்லுவார். சாமிக்கே தீர்ப்பு சொன்ன மனிதர், நமக்கும் நல்ல தீர்ப்பு சொல்லுவார் என்று நம்பி, முனியம்மா பூவும் பழமுமாகப் பெண் கேட்கப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார். படித்த அம்மா கூட வந்தால் வாசனை குறையும் என்று எண்ணியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை தொட்டது வெயில் சுத்தம் செய்த கசடு. வெயில் சுத்தம் செய்யாததைக் கூடையில் அள்ளித் தலையில் சுமக்கும்படி தலைமுறையாக விடப்பட்டவர்கள் எங்கள் ஊரின் ஒரு கோடியில் இருந்தார்கள். அவர்கள்மேல் யாரும் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்ததில்லை. அவ்வளவு அருகில் யாரும் போனதில்லை. ஏழுமலைக்காக வருந்தும்போதெல்லாம் அந்த எண்ணம் என்னைக் குறுக்கே மறிக்கும். அன்றும் மறித்தது.

கோவிந்தசாமி எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். சுக்குக் காபி கொடுத்தார். அன்றைக்கு நடுரோட்டில் தான் சொன்னதை முனியம்மா நினைவுபடுத்தியபோது தலையாட்டினார். மறுக்கவே இல்லை.

"சொன்னேன், இல்லேன்னு சொல்லல. லாரி ரோட்ல போகலாம். அதுக்காக வூட்டுக்குள்ள வரலாமா?"

விதைத்தது யார்

அந்த ஆவணியில் நல்ல மழை. கசடு பரப்பிய பாத்தியின் ஓரம் குடையோடு நின்றிருந்தேன். ஒரு பக்கம் வெறும் சல்லியில் மழை தடதடத்தது. இந்தப் பக்கம் ஓசையே இல்லை. மழையை உள்ளே வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்பதை முதன்முதலாகக் காதால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அழுதேனா என்று கேட்காதீர்கள். மழையில் அதெல்லாம் தெரியாது.

நாங்கள் விதைத்தது கொழுக்கட்டைப் புல், ஆவாரை. நட்டது வேம்பு, புங்கன். முளைத்ததோ தக்காளி. வரிசை இல்லாமல், கணக்கு இல்லாமல், பாத்தி முழுக்கத் தக்காளி. காரணம் எளிது. தக்காளி விதை மனித வயிற்றுக்கு மசியாது. தொட்டிக்கும் மசியாது, வெயிலுக்கும் மசியாது. தின்றவர்களிடமிருந்து தப்பித்து, சாக்கடை வழியாகப் பயணம் செய்து, லாரி ஏறி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. இதை யாரும் பறிக்கக்கூடாது, தின்னக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏழுமலை அதை அப்படியே அம்மாவிடம் சொன்னார். சொன்னது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். பச்சையைப் பார்த்து மகிழ்ந்தார். உற்றுப் பார்த்ததும் முகம் மாறியது. திட்டத்தில் காய்கறி கிடையாதே, யாரைக் கேட்டு விதைத்தீர்கள் என்றார். நான் லத்தீன் பெயரோடு ஆரம்பிப்பதற்குள் ஏழுமலை கைகட்டிப் பணிவாகப் பதில் சொல்லிவிட்டார்.

"நாங்க விதைக்கலீங்கய்யா. வேலூர்க்காரங்க விதைச்சது."

தீபத்தன்று ரசம்

கார்த்திகை தீபத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம். சுற்றி வந்த களைப்பில் கோவிந்தசாமி கடையில் உட்கார்ந்தேன். பெண் கொடுக்காவிட்டால் என்ன, சோறு கொடுப்பார். ரசம் வந்தது. அப்படி ஒரு ரசம் நான் அதற்கு முன் குடித்ததில்லை. புளிப்பு நாக்கின் ஓரத்தில் மணியடித்ததுபோல நின்றது. நல்லா இருக்கிறது என்றேன். கோவிந்தசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "தக்காளி அப்படிங்கம்மா. சின்னதா, உருண்டையா, மருந்தே காணாத நாட்டுத் தக்காளி. ஒரு அம்மா கூடையில கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு" என்றார். எந்த அம்மா என்று கேட்டேன். கடையின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே முனியம்மா, காலிக் கூடையை மடியில் வைத்து, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கொதித்த ரசத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது தொண்டையில் இறங்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. ஆராய்ச்சிக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊற்ற வந்த சாரதா என் முகத்தைப் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், எதிர்ப்பக்கம் குவாரி போகும் பாதையைப் பார்த்தாள். 'அங்கே விளைஞ்சதா?' என்று கண்ணால் கேட்டாள். தலையசைத்தேன். அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்தபடியே என் காதருகில் சொன்னாள்.

"ஜனம் கிளம்பட்டும் டீச்சர். பசியோட இருக்கறவங்ககிட்ட விலாசம் சொல்லக்கூடாது."

பையன் பார்க்க வந்த பெண்

மார்கழியில் ஒரு நாள் சாரதா குவாரிக்கே வந்துவிட்டாள். கையில் அரிவாள், கூட ஒரு சித்தி. கன்றுக்குட்டிக்குப் புல் வேண்டுமாம். இங்கே இன்னும் அறுக்கக்கூடாது என்றேன். "அப்ப சும்மா பாத்துட்டுப் போறோம்" என்று அரிவாளைச் சித்தியிடம் கொடுத்துவிட்டாள். முதலில் இருந்தே அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

ஏழுமலை அப்போது கசட்டுக் குவியலின்மேல் மண்வெட்டியோடு நின்றிருந்தார். ஒளிந்துகொள்ள லாரியும் இல்லை, தேய்த்துக்கொள்ள சோப்பும் இல்லை. அவள் நேராகப் போய் ஒரு கட்டியை எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்தாள். பெண் பார்க்க வரும் ஆண்கள் பாடச் சொல்லிக் கேட்பார்களே, அதுபோல, "இந்த வேலை எத்தினி நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டாள். ஏழுமலைக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "திட்டம் முடிஞ்சிடும். சரக்கு முடியாதுங்க. ஊர்ல ஜனம் சாப்புட்ற வரைக்கும் வந்துக்கினேதான் இருக்கும்" என்றார். சாரதா கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டாள்.

"அப்ப எங்க கடைக்கு மேலதான். எங்களுக்குப் பௌர்ணமிக்குத்தான் கூட்டம்."

வீட்டு விஷயம்

அன்று ராத்திரியே சாரதா அப்பாவிடம் இரண்டு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். தீபத்தன்று ஊருக்கே ஊற்றிய ரசம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. கட்டினால் ஏழுமலையைத்தான் என்பது இன்னொன்று. மறுநாள் கோவிந்தசாமி குவாரிக்கு வந்தார். இரண்டாவது செய்தியைப் பேசத் தெரியாமல் முதல் செய்திக்கே எல்லாக் கோபத்தையும் செலவு செய்தார். முனியம்மா மகனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த நேரம். ஏழுமலை தூக்குச் சட்டிக்குள் தலையை விடாத குறை.

"ஏம்மா, ஊர்ல வேற தக்காளியே இல்லியா?"

"இருந்துது. போன வருஷம் அதைத்தானே போட்டீங்க? ரசம் அப்ப நல்லா இருந்துதா, இப்ப நல்லா இருந்துதா?"

கோவிந்தசாமிக்குப் பொய் வரவில்லை. சமையல்காரர் அல்லவா? தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குரலை இறக்கி, வெளியே தெரிந்தால் ஒரு ஜீவன் கடைக்குள் கால் வைக்குமா, பரம்பரையாக எடுத்த பெயர் என்ன ஆவது என்றார். அது விளையாட்டுப் பேச்சில்லை. எந்தத் தப்பும் நடக்கவில்லை, கொதித்ததில் கெடுதல் இல்லை என்று நான் மறுபடியும் வகுப்பு எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. முனியம்மா அவருக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தார். மிரட்டும் குரல் இல்லை, பூ தொடுக்கும்போது பேசுகிற குரல்.

"வூட்டு விஷயம்னா வூட்டோட இருக்கும். வேத்தாளு விஷயம்னா வாய் சும்மா இருக்குமா? நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

கடைசிப் பந்தி

தை மாதம் அடி அண்ணாமலையில் கல்யாணம். பந்தியில் ரசம் வந்தபோது காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். அடுத்த தீபத்துக்கு முனியம்மா மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மலைக்கு நேராக நின்றார். பல வருஷம் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, "போன தடவையைவிடக் கொஞ்சம் சின்னதா எரியுதோ?" என்றார்.

திட்டங்கள் எப்படி முடியுமோ அப்படியே எங்கள் திட்டமும் முடிந்தது. அறிக்கையை அழகாகக் கட்டி வைத்தார்கள். நான் கல்லூரிக்குத் திரும்பினேன். நான் மட்டும் இருக்கும் வீட்டில், மழை பெய்யும்போதெல்லாம் இன்றும் காதைத் தீட்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாம் சிமெண்ட்டு, சத்தம் அதிகம். சில வருஷங்களுக்கு முன் போய்ப் பார்த்தேன். குவாரியில் வேம்பு அடர்ந்திருக்கிறது. மலை சுற்றிவந்த களைப்பில் இரண்டு பேர் அதன் நிழலில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கடியில் என்ன இருக்கிறது என்று நான் எழுப்பிச் சொல்லவில்லை. விலாசம் சொல்லக்கூடாது என்று சாரதாவிடம் கற்றது.

ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியதை மலைக்குப் பின்னால் பரப்பி, ஒரு காட்டையும் ஒரு கல்யாணத்தையும் முளைக்க வைத்தோம் என்பதுதான் அறிக்கையில் சேராமல் போன எங்கள் முடிவுரை. ஏழுமலை நகராட்சி உரக்கிடங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்று, போன மார்கழியில் தூக்கத்தில் இறந்துபோனார்.